காரைக்கால் ரயில் பாதை: முக்கியக் குறிப்புகள்

• பேரளம்–காரைக்கால் மீட்டர்கேஜ் பாதை திறக்கப்பட்டது 1898. நீளம் சுமார் 23 கி.மீ. பாதை பிரெஞ்சு அரசுக்குச் சொந்தம். வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. தேர்வில் "யாருடையது, யார் இயக்கியது" என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பார்கள். விழுப்புரம்–புதுச்சேரிப் பாதையின் ஆண்டு 1879, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

• இந்தப் பாதை பேரளத்தில் போய்ச் சேர்ந்தது மாயவரம்–முத்துப்பேட்டைப் பாதையில் (1894). அது தஞ்சாவூர் மாவட்ட போர்டின் சொந்த ரயில். நிலவரியோடு சேர்த்து வசூலித்த செஸ் பணத்தில் போட்டது. டெல்டா விவசாயியின் காசில் ஓடிய ரயில் என்று நினைவில் வையுங்கள், மறக்காது.

• 1951 ஏப்ரல் 14: தெற்கு ரயில்வே உதயம். காரைக்கால் வருவது திருச்சி கோட்டத்தில்.

• 1980களில் பேரளம் பாதை மூடப்பட்டது. திருநள்ளாறு, சுரக்குடி வட்டாரத்தில் ஒரு தலைமுறை ரயில் சத்தமே கேட்காமல் வளர்ந்தது. பெரிய இழப்பு அது.

• வாஞ்சூரில் காரைக்கால் துறைமுகம்: 2009. முக்கியச் சரக்கு நிலக்கரி. அதானி கைக்கு வந்தது 2023.

• நாகூர்–காரைக்கால் அகலப்பாதை: 2011 டிசம்பர். துறைமுகத்தின் நிலக்கரி ரேக்குகள் (சரக்கு ரயில்கள்) நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் வழியாக மேற்கே போகும். ஒரு ரேக்கில் 58, 59 திறந்த வேகன்கள். மொத்தச் சுமை 3,000 டன்னைத் தாண்டும். அத்தனை லாரிகள் நம் சாலையில் ஓடினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

• எஞ்சின் எழுத்துகள் (கட்டாயம் படிக்க): டபிள்யூ – அகலப்பாதை (1,676 மி.மீ.), ஒய் – மீட்டர்கேஜ் (1,000 மி.மீ.), டி – டீசல், ஏ – ஏ.சி. மின்சாரம், ஜி – சரக்கு, பி – பயணிகள், எம் – இரண்டுக்கும். பழைய ஒய்டிஎம்-4ஐ இப்படிப் பிரித்துப் பாருங்கள்: மீட்டர்கேஜ், டீசல், இருவகைப் பயன்பாடு. டபிள்யூடிஜி-4 டீசல், 4,000 குதிரைத்திறன். டபிள்யூஏஜி-9 மின்சாரம், 6,000க்கு மேல். பட்டியலை மனப்பாடம் செய்யவே வேண்டாம். எழுத்து புரிந்தால் விடை தானே வரும்.

• பொன்மலைப் பணிமனை: 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து மாறியது.

• பேரளம்–காரைக்கால் அகலப்பாதையாக மீண்டும் போடப்பட்டு, 2025 மே மாதம் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ஆய்வு நடந்தது. இடையில் திருநள்ளாறு, அம்பகரத்தூர் நிலையங்கள்.