உப்புக்காற்றில் நின்ற டூரிங் பைக்: இளம் மெக்கானிக்குக்கு ஒரு கடிதம்



வேகமும் வேண்டும், நாள் முழுக்க ஓட்டினாலும் முதுகு வலிக்கக் கூடாது என்பவருக்காகக் கட்டப்பட்டது ஸ்போர்ட் டூரிங் பைக். காற்றைத் தடுக்கும் ஃபேரிங், ஓரளவு நிமிர்ந்து உட்கார விடும் ஹேண்டில்பார், பெரிய டேங்க், பின்னால் பை கட்ட இடம் ஆகியவை இதன் பொதுவான அடையாளங்கள். 2003-ல் வந்த ஹீரோ ஹோண்டா கரிஸ்மாதான் இந்தியாவில் இந்த ஆசையைப் பரவலாக்கியது. அதன்பின் 2011-ல் ஹோண்டா சிபிஆர் 250ஆர், 2016 கடைசியில் பஜாஜ் டாமினார் 400, 2017-ல் யமஹா ஃபேசர் 25 என வரிசை நீண்டது. பழைய வண்டியாகக் கைமாறி, பழவேற்காட்டு மெக்கானிக்கிடம் ‘பார்த்துச் சொல்லுங்க’ என்று வந்து நிற்பது பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

பழைய வண்டி என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை. பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பங்களில் அது இரண்டாவது கேள்வி. வண்டி இத்தனை வருடம் எங்கே நின்றது என்பதே முதல் கேள்வி. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. காற்றில் வரும் உப்பு இரவு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தின் மேல் படிகிறது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் துரு நிற்காமல் தொடர்கிறது. கோயம்புத்தூரில் 50,000 கி.மீ. ஓடிய வண்டி, கடலோரத்தில் 12,000 கி.மீ. மட்டும் ஓடி மூன்று மழைக்காலம் வாசலில் நின்ற வண்டியைவிட நல்ல வண்டியாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

துருவைத் தேடும் இடம் டேங்க் அல்ல. பாலிஷ் போட்டால் டேங்க் யாருக்கும் பளபளக்கும். முதலில் முன் ஃபோர்க் குழாய்களைப் பார்க்க வேண்டும். அவற்றின் குரோம் பூச்சில் ஊசிமுனை அளவு புள்ளி விழுந்திருந்தாலும் அது ஆயில் சீலைக் கிழிக்கும். சீலை மாற்றினால் சில மாதத்தில் மறுபடி கசியும், ஏனென்றால் கோளாறு சீலில் இல்லை, குழாயில் இருக்கிறது. அடுத்து சைலன்சரின் பெண்ட் பைப், அது எஞ்சினோடு சேரும் இடத்து நட்டுகள், சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங், செயின். அலுமினியப் பாகங்களில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் உப்பு வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் இறங்கும் இடங்களில் இந்த அரிப்பு இன்னும் மோசம். கழற்றப் போனால் போல்ட் தலை மட்டும் கையோடு வரும். டாமினாரும் சிபிஆரும் தண்ணீரால் குளிரும் எஞ்சின் கொண்டவை. ஆகவே ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் உதிர்கின்றனவா என்றும் பார்த்துவிட வேண்டும்.

இந்தக் கரைக்கே உரிய இன்னொரு சேதம் உண்டு. விலை உயர்ந்த டூரிங் வண்டியில் யார் மீன் கூடை ஏற்றப் போகிறார்கள் என்று தோன்றலாம். இரண்டாம் கை, மூன்றாம் கை மாறிய வண்டி எதையும் ஏற்றும். ஐஸ் பெட்டியிலிருந்து சொட்டும் உப்புநீர் சீட்டுக்கு அடியில் உள்ள சேசிஸ் குழாய்களிலும் ஸ்விங் ஆர்மிலும் பின் பிரேக் கேலிப்பரிலும் இறங்கும். சீட்டைக் கழற்றி, டார்ச் அடித்து, குழாய்கள் பற்றவைத்த இடங்களை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பெயிண்ட் செதிலாகப் பெயர்ந்தால் வண்டி வேண்டாம். சேசிஸ் துருவுக்குப் பேரம் கிடையாது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி, உப்பு அரித்த வண்டிக்கு நெருங்கிய உறவு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான வண்டிகள் தண்ணீரில் நின்றன. அவற்றில் பல கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வந்தன. ஹெட்லைட்டுக்குள் வண்டல் கோடு, ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையில் சேறு, வயரிங் கப்ளர்களுக்குள் பச்சைப் பூச்சு ஆகியவை அடையாளங்கள். பச்சை பிடித்த செம்புக் கம்பியைச் சரிசெய்வதற்கு முடிவே கிடையாது.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் கேட்க வேண்டும். மெக்கானிக் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் அன்று திரும்பிவிட்டு மறுநாள் காலையில் போவது நல்லது. காலை முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வந்தால் வால்வு சீலோ பிஸ்டன் ரிங்கோ ஆயிலை விடுகிறது. தொடர்ந்து கேட்கும் கலகலப்பு டைமிங் செயினுடையது. ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். ஏபிஎஸ் உள்ள வண்டியில் சாவியைத் திருப்பியதும் அதன் விளக்கு எரிய வேண்டும், வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் கோளாறை மறைக்க யாரோ விளக்கையே துண்டித்திருக்கிறார்கள், அது இன்னும் மோசம்.

விழுந்த வண்டியை ஃபேரிங் மறைக்கும். ஹேண்டிலை முழுவதும் திருப்பினால் அது முட்டி நிற்கும் இடம் சேசிஸில் இருக்கிறது. அங்கே நசுங்கலோ புதுப் பெயிண்டோ இருந்தால் முன்பக்க மோதல் நடந்திருக்கிறது. கிலோமீட்டர் கணக்கைச் சரிபார்க்க டயர் உதவும். பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3520 என்றால் 2020-ன் 35-வது வாரம். 8,000 கி.மீ. காட்டும் வண்டியில் டயர் வண்டியைவிட மூன்று வருடம் இளையதாக இருந்தால் மீட்டர் பொய் சொல்கிறதோ என்று சந்தேகிக்கலாம்.

காகித வேலையை மெக்கானிக் தன் வேலையல்ல என்று விடக் கூடாது. சேசிஸில் குத்திய எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட அவரைவிடப் பொருத்தமானவர் யார்? வங்கிக் கடன் பதிவு நீங்க படிவம் 35, பெயர் மாற்றத்துக்கு 29, 30. விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். இன்சூரன்ஸை மாற்ற 14 நாள். தரகர்கள் படிவத்தில் கையெழுத்தை மட்டும் வாங்கி வைத்து, பெயர் மாற்றாமலே மூன்று நான்கு பேருக்குக் கை மாற்றுவார்கள். பெயர் மாற்றாமலே வண்டி பல கை மாறிய ஒரு வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நெல்லூர், சூளூர்பேட்டைப் பக்கத்து வண்டி விலை குறைவாகத் தோன்றும். ஆந்திர ஆர்.டி.ஓ.வின் தடையின்மைச் சான்றான படிவம் 28, தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய வரி ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் அந்தச் சலுகையில் பாதி காணாமல் போகும்.

பழவேற்காட்டு ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைப் பாடு முறை தீர்மானிக்கிறது. வண்டிச் சந்தையில் அப்படி ஒரு முறை கிடையாது. ‘இன்னொருத்தர் சாயங்காலம் அட்வான்ஸோட வர்றார்’ என்று அவசரப்படுத்துவார்கள். வரட்டும். அதே வண்டி அடுத்த வாரமும் அங்கேயே நிற்பதைப் பல முறை பார்க்கலாம்.

வாங்கிய பிறகு கழுவும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் தினமும் கழுவுவது துருவுக்குத் தீனி போடுவது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் போதும், பிறகு செயினுக்கு ஆயில், கப்ளர்களுக்கு கிரீஸ். தார்ப்பாயால் இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். கூரைக்குக் கீழே காற்றோட்டமாக நிறுத்துவது மேல்.

வண்டி பார்த்துச் சொல்வதற்கான கூலியை மெக்கானிக் வாங்குபவரிடம் மட்டுமே, முன்கூட்டியே பேசி வாங்க வேண்டும். பேரம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் அதே தொகைதான். தரகர் நீட்டும் கமிஷனைத் தொடவே கூடாது.