விவசாயியின் வியாபாரத்துக்குத் தனித் தொலைபேசி: இன்டர்நெட் வழி

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் மானாவாரி வெள்ளாமையை மட்டும் நம்பி இருக்கும் குடும்பங்கள் குறைவு. வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்து மக்காச்சோளம், பருத்தி, உளுந்து, மிளகாய் என்று விதைத்துவிட்டு, வீட்டில் ஒருவர் இருவர் பட்டாசு ஆலைக்கோ, தீப்பெட்டி ஆலைக்கோ, அச்சகத்துக்கோ போய் வருவது வழக்கம். பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் வேலைக்குப் போனவரின் போன் மாலை வரை வீட்டில் கிடக்கும், அல்லது வாயிலில் ஒப்படைக்கப்பட்டிருக்கும்.

மண்டிக்காரரும் வெளியூர் வியாபாரியும் பேசுவது இந்த நேரத்தில்தான். விருதுநகர் மார்க்கெட்டில் வத்தல் இன்று என்ன விலை போகிறது என்று சொல்லவோ, நாளை வண்டி வருகிறது என்று தெரிவிக்கவோ அழைத்தவர், இரண்டு முறை மணி அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த ஊர்க்காரரை அழைத்துவிடுவார். மண்புழு உரம், நாற்று, ஆடு, நாட்டுக்கோழி, கருப்பட்டி என நேரடியாக விற்பவர்களுக்கு இந்த நஷ்டம் இன்னும் கூடுதல். சரக்கு தரமாக இருந்தும், எடுத்துப் பேச ஆள் இல்லாததால் விற்பனை கைநழுவுகிறது.

இதற்குப் பரிகாரம், ஆளுக்கு என்றில்லாமல் வியாபாரத்துக்கென்று ஓர் எண் வைத்துக்கொள்வதே. வீட்டில் யார் இருந்தாலும் அந்த எண்ணில் பேச முடிய வேண்டும். இன்டர்நெட் வழிப் பேச்சு இதற்கு இன்று கைகொடுக்கிறது.

இதன் செயல்முறை எளிது. பேசும் குரல் சிறு சிறு துண்டுகளாக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டிலும் போய்ச் சேர வேண்டிய விலாசம் எழுதப்பட்டு அனுப்பப்படுகிறது. பெரும்பாலும் ஒரு வினாடிப் பேச்சு 50 துண்டுகளாகும். லாரி ஆபீசில் மூட்டைக்கு மூட்டை மார்க் போட்டு ஏற்றுவதைப் போன்றது இது. மறுமுனையில் துண்டுகள் வரிசைப்படுத்தப்பட்டு மீண்டும் குரலாகின்றன. துண்டுகள் போய்ச் சேர 150 மில்லி வினாடிக்கு மேல் பிடித்தால் ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேச்சு ஏறத் தொடங்கும். ஒரு மணி நேரம் தெளிவாகப் பேச, போக வர இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 80 எம்.பி. டேட்டா போதும், செயலிகளில் இதைவிடக் குறைவாகவே செலவாகும். ஆகவே அதிவேக இணைப்பு அவசியமில்லை, ஏற்ற இறக்கமில்லாத இணைப்பே அவசியம். அதே இணைப்பில் பிள்ளைகள் சினிமா பார்த்துக்கொண்டிருந்தால் குரல் விட்டுவிட்டுக் கேட்கக் கூடும்.

இது சட்டப்படி சரியா என்ற ஐயம் பலருக்கு உண்டு. நம் நாட்டில் 2002 ஏப்ரல் முதல் இன்டர்நெட் பேச்சுக்கு அனுமதி இருந்தது. ஆனால் அப்போது கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்குப் பேசலாமே தவிர, உள்நாட்டில் சாதாரணத் தொலைபேசிக்குப் பேச வழியில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017 அக்டோபரில் செய்த பரிந்துரையை அடுத்து, 2018 ஜூனில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை இந்தத் தடையை நீக்கியது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் இன்டர்நெட் வழியாகவே உள்நாட்டு எண்களுக்குப் பேச்சுச் சேவை தரலாம் என்றாயிற்று. அடுத்த மாதமே பி.எஸ்.என்.எல். நிறுவனம் 'விங்ஸ்' என்ற பெயரில் இத்தகைய சேவையை அறிவித்தது. இதில் கவனிக்க வேண்டியது, உரிமம் பெற்ற நிறுவனம் என்பதைத்தான். வெளிநாட்டு எண் தருகிறோம் என்று கூறும் ஊர் பேர் தெரியாத செயலிகளை ஒதுக்கிவிட வேண்டும்.

சிறு விவசாயிக்குச் செலவே இல்லாத முதல் வழி, 'வைஃபை காலிங்' வசதி. வீட்டுக்குள் சிக்னல் எடுக்காமல், பேசுவதற்காக மொட்டை மாடிக்கோ களத்துக்கோ ஓடும் ஊர்களில் இது பெரும் உதவி. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. வீட்டில் வைஃபை இருந்து, போனும் அதற்கு ஏற்றதாக இருந்தால், செட்டிங்ஸில் அதை இயக்கினால் போதும். அதே சிம், அதே எண். அழைப்பு மட்டும் வைஃபை வழியே வரும்.

இரண்டாவது, ஃபைபர் இணைப்புடன் வரும் தரைவழி எண். இதுதான் வியாபாரத்துக்கு மிகவும் ஏற்றது. ஃபைபர் பெட்டியின் பின்புறம் தொலைபேசிக்கென்று ஒரு துளை உண்டு. பரணில் கிடக்கும் பழைய பட்டன் போனையே அதில் மாட்டிக்கொள்ளலாம். ஸ்மார்ட்போன் பழக்கமில்லாத வீட்டுப் பெரியவர்களும் எடுத்துப் பேசுவார்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் கட்டித் தொங்கவிட்டு, அழைத்தவர் பெயர், ஊர், கேட்ட சரக்கு மூன்றையும் எழுதிவைக்கப் பழக்க வேண்டும். வீட்டில் ஒருவரும் இல்லாத நாளில், எடுக்கப்படாத அழைப்பு வேறு ஒரு செல்போனுக்குத் திரும்பும்படி செய்யும் வசதியும் உண்டு. இணைப்பு வாங்கும்போதே அதைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். தரைவழி எண்ணிலிருந்து செல்போனுக்குப் பேசும்போது, முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்பது 2021 ஜனவரி முதல் விதி. இது தெரியாமல் போன் பழுது என்று புகார் செய்பவர்கள் இன்றும் உண்டு.

இந்தத் தரைவழி எண்ணிலேயே வாட்ஸ்அப் பிசினஸ் தொடங்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பதிவு செய்யும்போது, சரிபார்ப்பு எண்ணைக் குறுஞ்செய்திக்குப் பதிலாக அழைப்பில் சொல்லும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். தரைவழித் தொலைபேசி மணி அடித்து எண்ணைச் சொல்லும். அதன்பின் மகனோ மகளோ தங்கள் செல்போனில் அதை இயக்கலாம். மேலும் 4 சாதனங்களில் இணைத்தும் பார்க்கலாம். வத்தலின் படம், நாற்றின் விலை, பேசக்கூடிய நேரம் எல்லாவற்றையும் அதில் போட்டுவைக்கலாம். "மாலை 6 மணிக்கு மேல் அழைக்கிறோம்" என்று தானாகப் பதில் போகும்படியும் செய்யலாம். நோட்டீஸில் ஒரே எண்தான் இருக்கும். சாதாரண அழைப்பு வீட்டில் ஒலிக்கும், படமும் செய்தியும் செல்போனுக்கு வரும்.

ஒரே எண்ணில் பலர் ஒரே நேரத்தில் பேசும் சேவைகளும் இருக்கின்றன. அவை உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குப் பொருந்தும். தனி விவசாயிக்கு அந்தச் செலவு வீண். ஆண்டுக்கு ஒருமுறை நான்கு மூட்டை உளுந்தை மண்டியில் போட்டு வருபவருக்கு ஃபைபர் இணைப்பே தேவையில்லை. மாதக் கட்டணத்துடன் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் சேரும். பிள்ளைகளின் படிப்புக்கென்று இணைப்பு ஏற்கெனவே இருக்கிறதென்றால், தொலைபேசி அதனுடன் வருகிற உபரி லாபம்.

மின்தடையை மறந்துவிடக் கூடாது. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. ஊரே இருட்டாக இருந்தாலும் போன் வேலை செய்தது. ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் ஒளிதான் வரும், மின்சாரம் வராது. கரண்ட் போனால் பெட்டி அணையும், போனும் ஊமையாகும். பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் இயங்குபவை. ரூட்டருக்கென்றே விற்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்றை மாட்டினால் 2 முதல் 4 மணி நேரம் தாங்கும். பேட்டரி ஸ்பிரேயரில் இருப்பதும் 12 வோல்ட் பேட்டரிதானே என்று சிலர் அதை நேராக மாட்டிவிடுவதுண்டு. சார்ஜ் ஏறும்போது அதன் வோல்ட் 14-க்கு மேல் போகும்; பிளஸ் மைனஸ் மாறினாலும் பெட்டி கருகிவிடும். யு.பி.எஸ். வாங்குவதே நலம். ஐப்பசி இடி மழையில் சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு யு.பி.எஸ்.ஸிலேயே ஓட்டினால் பெட்டிக்கும் பாதுகாப்பு.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வெடிவிபத்தோ தீவிபத்தோ நேரக்கூடிய வட்டாரம் இது. வாட்ஸ்அப் போன்ற செயலிகளிலிருந்து 112, 108 எண்களை அழைக்க முடியாது. ஃபைபர் தொலைபேசியும் கரண்ட் இல்லாதபோது பயன்படாது. ஆகவே சார்ஜ் நிறைந்த சாதாரண செல்போன் ஒன்று, சிம் உயிரோடு, எப்போதும் வீட்டில் இருந்தே தீர வேண்டும். இன்டர்நெட் போன் வந்துவிட்டது என்று அதன் ரீசார்ஜை நிறுத்துவது கூடாது.

இனி நம்பிக்கை பற்றிய விஷயம். இன்டர்நெட் தளங்களில் பட்டாசு விற்பதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தடை செய்தது. அதன் பிறகும் சிவகாசி பெயரில் போலித் தளங்கள் நடத்தி, முன்பணம் வாங்கி ஏமாற்றுவது நின்றபாடில்லை. 2024 தீபாவளிக்கு முன் தமிழக சைபர் கிரைம் போலீசார் இதுகுறித்து மக்களை எச்சரித்தனர். இதன் பாதிப்பு பட்டாசோடு நிற்பதில்லை. சிவகாசிப் பக்கத்திலிருந்து வத்தல் அனுப்புகிறோம் என்றாலும் வெளியூர்க்காரர் யோசிக்கிறார். 04562 என்று தொடங்கும் தரைவழி எண் ஒரு முகவரியோடு சேர்ந்தது. அதுவே முழு அத்தாட்சி ஆகிவிடாது என்றாலும், வெறும் செல்போன் எண்ணைவிட அதற்கு மதிப்பு உண்டு. புதிய வாடிக்கையாளரிடம் முழு முன்பணம் கேட்காமல், சிறிய அளவில் முதலில் அனுப்பிப் பழக்கம் செய்துகொள்வது நல்லது.

விற்பவரையே ஏமாற்றுவதும் நடக்கிறது. ராணுவ முகாமுக்கு 20 ஆடு வேண்டும், பணம் அனுப்புகிறோம், இந்தக் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்பார்கள். பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. அதைப் போட்டால் பணம் போகத்தான் செய்யும். வாட்ஸ்அப் சரிபார்ப்பு எண்ணையும் யாருக்கும் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும். பல சிம் கார்டுகள் செருகிய பெட்டியை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், மாத வாடகை தருகிறோம் என்று யாராவது வந்தால் இடம் தரவே கூடாது. அது கள்ளத் தொலைபேசி நிலையம். 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி இதற்கு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

புதிய எண் கிடைத்தவுடன் சிவகாசி அச்சகத்தில் ஆயிரம் ஸ்டிக்கருக்கு ஆர்டர் கொடுத்துவிட வேண்டாம். ஒரு வாரம் சோதித்துப் பார்க்க வேண்டும். காலை, பகல், இரவு என்று வேறு வேறு நேரத்தில், வேறு வேறு கம்பெனி சிம்களிலிருந்து அழைத்து, குரல் தெளிவாக இருக்கிறதா, எடுக்காத அழைப்பு செல்போனுக்குத் திரும்புகிறதா, மெயினை அணைத்தால் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய செம்புக் கம்பி இணைப்பு வைத்திருப்பவர்கள், அதே எண்ணை ஃபைபருக்கு மாற்றித் தருவார்களா என்று கேட்டுவிட்டு, அதன் பிறகே பழையதைத் துண்டிக்க எழுதிக் கொடுக்க வேண்டும்.