தொழிற்சாலையின் ஏணிமொழி

நுழையும்முன்

புட்டியில் நீர் நிரப்புதல், மூடியிடுதல், பெட்டியில் அடுக்குதல் எனத் தொழிற்சாலையில் எந்திரங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக இயங்குகின்றன. அவற்றை முறைப்படுத்தும் சிறு கணினியே பி.எல்.சி எனப்படும் நிரல்வழிக் கட்டுப்படுத்தி. பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடவேண்டும் என்று அதற்கு நிரல் எழுதுவது முதற்படி. கம்பி அறுந்தால், மின்சாரம் நின்று மீண்டால் எந்திரம் என்ன செய்யவேண்டும் என்று எண்ணி எழுதுவது இரண்டாம் படி. அவ்விரண்டாம் படியை விளக்குகிறது இப்பாடம்.

ரிலேயிலிருந்து நிரலுக்கு

முன்னர் மகிழுந்துத் தொழிற்சாலைகளின் எந்திரங்களைக் கட்டுப்படுத்தியவை ரிலேக்கள். அதாவது, மின்காந்தத்தால் திறந்து மூடும் தொடுமுனைகள். புதிய வகை மகிழுந்து உற்பத்திக்கு வரும்போதெல்லாம், அலமாரிகளில் நிறைந்திருந்த ரிலேக்களின் கம்பிகளைப் பிரித்து மறுபடியும் இணைக்கவேண்டியிருந்தது. இதற்கு மாற்றாக மின்னணுக் கருவி ஒன்று வேண்டும் என 1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஹைட்ராமேட்டிக் பிரிவு கோரியது. டிக் மார்லியும் அவர்தம் பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் குழுவினரும் படைத்தளித்த கருவி ‘மோடிகான் 084’. அது அக்குழுவினரின் 84ஆம் திட்டம். பெயரிலுள்ள எண்ணின் பொருள் அவ்வளவே.

ரிலே வரைபடத்தில் பழகிய மின்பணியாளர்களே புதிய கருவியையும் கையாளவேண்டியிருந்தது. ஆகவே அவர்கள் அறிந்த வரைபடமே நிரல்மொழியாயிற்று. இருபுறமும் இரு நெடுங்கோடுகள், இடையில் படிகள், ஒவ்வொரு படியின் இடப்பக்கம் நிபந்தனைகள், வலப்பக்கம் செயல். இதுவே ஏணி வரைபடம். இதனைப் பழைய முறை என்று எள்ளுவோர் உளர். ஆயினும், நள்ளிரவில் எந்திரம் நின்றுவிட்டால் எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்பதைத் திரையில் ஒரு பார்வையிலேயே காட்டுவதில் இதற்கு ஈடு சொல்வது அரிது. 1993இல் வெளிவந்த ஐ.இ.சி. பன்னாட்டுத் தரநிலையும் தான் வகுத்த ஐந்து நிரல் வடிவங்களுள் இதற்கு இடமளித்தது.

கட்டுப்படுத்தியின் பார்வை

கட்டுப்படுத்தி எல்லாவற்றையும் இடைவிடாது பார்த்துக்கொண்டிருப்பதில்லை. முதலில் உள்ளீடுகள் அனைத்தையும் ஒருமுறை படித்து நினைவில் வைக்கிறது. பின்பு நிரலை மேலிருந்து கீழாகச் செயற்படுத்துகிறது. இறுதியில் வெளியீடுகளை மாற்றுகிறது. சில மில்லி நொடிகளில் முடியும் இச்சுழற்சி ஓயாது தொடர்கிறது.

இதை உணராதவர்க்கு நிரல் புதிராகத் தோன்றும். ஒரே மோட்டாருக்கான வெளியீட்டை இரு படிகளில் எழுதினால், கீழ்ப்படியின் முடிவே நிலைக்கும். மேற்படி எழுதப்பட்டும் பயனில்லை. புட்டி ஒன்று உணரியின் முன் ஒரு நொடி நிற்கிறது. சுழற்சிக்கு 10 மில்லி நொடி ஆகிறது எனக் கொள்வோம். ‘உணரி 1 எனில் எண்ணிக்கையுடன் ஒன்றைக் கூட்டு’ என்று மட்டும் எழுதினால், அவ்வொரு புட்டி ஏறத்தாழ நூறு புட்டிகளாகக் கணக்கேறும். உணரி 0விலிருந்து 1ஆக மாறும் அக்கணத்தை மட்டும் பிடிக்கும் கட்டளை இதற்காகவே உள்ளது.

கம்பி அறுந்தால்

நிறுத்தப் பொத்தானுக்குக் கம்பி இணைக்கும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. அழுத்தாதபோது மின்சாரம் பாயும்படியும், அழுத்தும்போது தடைபடும்படியும் அதனை அமைப்பர். அழுத்தினால் மின்சாரம் பாயும்படி அமைத்து, ஒருநாள் அக்கம்பி அறுந்துபோனால், ஓடும் எந்திரத்தை அப்பொத்தானால் நிறுத்த இயலாது. முன்சொன்னவாறு அமைத்திருப்பின், கம்பி அறுந்த கணமே பொத்தானை அழுத்தியதாகக் கருதி எந்திரம் நின்றுவிடும். இம்முறையில், அழுத்தாத பொத்தான் கட்டுப்படுத்திக்கு 1 என்றே தெரியும். எனவே ‘நிறுத்தப் பொத்தான் 1ஆக இருக்கும்வரை ஓடு’ என்பதே சரியான நிரல். பயில்வோர் பலர், ‘நிறுத்தம்’ என்ற சொல்லைக் கண்டதும் நிரலில் எதிர்மறைக் குறியை இட்டுவிட்டு, மோட்டார் ஏன் ஓடவில்லை என்று மயங்குவர்.

தொட்டியின் நீர்மட்டத்தை அளக்கும் உணரியிலும் இதே சிந்தனையைக் காணலாம். அது தன் அளவை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக அனுப்புகிறது. 10 மீட்டர் உயரமுள்ள தொட்டியில் 4 என்பது வெறுமை; 12 என்பது 5 மீட்டர்; 20 என்பது நிறைவு. கணக்கைச் சுழியத்திலிருந்து தொடங்கியிருந்தால், அறுந்த கம்பியும் வெறுந்தொட்டியும் ஒன்றுபோலவே தோன்றும். நீரேற்றி ஓடிக்கொண்டேயிருக்க, தொட்டி வழியும். 4இலிருந்து தொடங்குவதால், 3.6க்குக் கீழே போனால் அது பழுது என்று நிரல் அறிந்து, நீரேற்றியை நிறுத்தி எச்சரிக்கை விளக்கை ஏற்றலாம்.

மின்சாரம் மீண்டால்

தொடக்கப் பொத்தானிலிருந்து விரலை எடுத்த பின்னும் மோட்டார் ஓட, அதன் வெளியீட்டையே பொத்தானுக்கு இணையான நிபந்தனையாக வைப்பது வழக்கம். இதனைத் தன்பிடிப்பு எனலாம். மின்சாரம் நின்றால் இப்பிடி விடுபடும். மீண்டும் ஒருவர் பொத்தானை அழுத்தினாலன்றி மோட்டார் ஓடாது. மாறாக, ‘ஓடு’ என்னும் ஆணையை மின்தடையிலும் அழியாத நினைவகத்தில் எழுதிவிட்டால், மின்சாரம் வந்தவுடன் எந்திரம் தானே ஓடத் தொடங்கும். நின்ற எந்திரத்தில் சிக்கிய அட்டையை எடுக்க ஒருவர் அந்நேரம் கையை உள்ளே நீட்டியிருக்கக்கூடும். திரையில் இவ்விரு நிரல்களுக்கும் உள்ள வேறுபாடு ஓரிரு குறிகளே.

அவசர நிறுத்தப் பொத்தானைச் சாதாரண நிரலின் பொறுப்பில் மட்டும் விடுவதில்லை. அது பாதுகாப்பு ரிலே வழியாக மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தையே நேரடியாகத் துண்டிக்கும். துண்டித்த செய்தி மட்டும் கட்டுப்படுத்திக்குச் செல்லும். அப்பொத்தானை மீண்டும் விடுவித்தாலும் எந்திரம் உடனே ஓடக்கூடாது. உள்ளே எவரும் இல்லை என்பதைப் பார்த்த பின், பணியாளர் தொடக்கப் பொத்தானைத் தனியே அழுத்தவேண்டும்.