பெக்கோக்கிலிருந்து ஆய்வுக்குப் போகும் தங்கைக்கு



நிறுவனங்களுக்கு இடையிலான தொடர்புகளையும் கூட்டணிகளையும் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்திருக்கிறாய் என்று அறிந்து மனம் நிறைந்தது. லாபிசுக்கும் பாலோவுக்கும் நடுவில் உள்ள ஒரு தோட்டப்புற ஊரிலிருந்து வந்தவளுக்கு இது எட்டாத துறை என்று தயங்குகிறாயாம். அந்தத் தயக்கத்தை விடு. இந்தத் துறைக்கு மலாயாவில் வழி போட்டவரே ஜொகூர்க்காரர்தான்.

ஜொகூர் பாருவில் வளர்ந்த ஜேம்ஸ் புதுச்சேரி, 1956 முதல் 1959 வரை சிங்கப்பூரில் விசாரணையின்றிக் காவலில் இருந்தார். மலாயப் பொருளாதாரத்தின் உடைமையையும் கட்டுப்பாட்டையும் பற்றிய அவருடைய நூல் சாங்கி சிறையில் எழுதப்பட்டு 1960-இல் வெளிவந்தது. மலாயாவின் செல்வம் சீனர் கையில் இருக்கிறது என்றே அன்று பலரும் பேசினார்கள். புதுச்சேரி, பங்கு யாரிடம் என்று மட்டும் பார்க்காமல், முடிவெடுப்பது யார் என்று தேடினார். லண்டனில் பதிவான ரப்பர் கம்பெனியின் பங்குதாரர்களில் பெரும்பாலோர் ரப்பர் மரத்தைக் கண்ணால் கண்டதில்லை. கத்ரி, ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட் போன்ற ஏஜென்சி ஹவுஸ்கள்தான் அந்தக் கம்பெனிகளுக்குச் செயலாளராகவும் நிர்வாகியாகவும் இருந்தன. ரப்பரை விற்பது, உரம் வாங்குவது, காப்புறுதி, கப்பல் எல்லாம் அவர்கள் வழியாகவே நடந்தன, கமிஷனும் அவர்களுக்கே. ஒரே ஆட்கள் பல கம்பெனிகளின் இயக்குநர் நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். ஆய்வாளர் லிம் மா ஹூய் 1981-இல் மலேசியாவின் 100 பெரிய நிறுவனங்களை இதே கண்ணோட்டத்தில் ஆராய்ந்து நூலாக்கினார்.

உனக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். இரண்டு நிறுவனங்களுக்கு நடுவில் கோடு போடும் முன், அந்தக் கோட்டின் வழியே என்ன போகிறது என்று தெரிந்துகொள். பணமா, சரக்கா, செய்தியா, ஆளா? அறுந்தால் யாருக்கு நட்டம்? வலைப்படம் வரையும் மென்பொருளை இரண்டு மாதத்தில் கற்றுவிடலாம். இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேட ஆண்டுகள் ஆகும். மெல்லிய தொடர்புகளின் வலிமையைப் பற்றிய கிரனோவெட்டரின் 1973-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படி. ஒரே நிறுவனங்கள் மறுபடி மறுபடி கூட்டுச் சேரும்போது பங்கு முதலீட்டால் பிணைத்துக்கொள்ளும் தேவை குறைகிறது என்று காட்டிய ரஞ்சய் குலாட்டியையும் படி. ஆனால் அவர்கள் எழுதியது வேறு நாடுகளை வைத்து. அதை அப்படியே இங்கே பொருத்திப் பார்ப்பது ஆய்வாகாது.

இனத்தைக் காரணம் காட்டி முடித்துவிடும் பழக்கத்தைக் குறித்தும் கவனமாக இரு. சீன வணிகம் உறவுமுறை வலையால் வளர்ந்தது என்ற வாதத்தை ஆய்வாளர் டெரன்ஸ் கோமஸ் 1999-இல் நூலாகவே மறுத்தார். பெரிய சீன நிறுவனங்களுக்குள் கூட்டைவிடப் போட்டியே மிகுதி என்பது அவர் கண்டது. நம் நகரத்தார், அதாவது செட்டியார், வணிகத்துக்கும் இதே சோதனையை வை. ‘சாதி ஒற்றுமை’ என்று ஒரு வரியில் முடித்துவிடாதே. ஒரே கிட்டங்கிக் கட்டடத்தில் பல விலாசங்கள் (வட்டிக்கடைகள்), ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டியடி (பணப்பெட்டியோடு உட்காரும் இடம்). வாடிக்கையாளருக்காக ஒருவரோடொருவர் போட்டியிட்டார்கள். பணம் தேவைப்பட்டால் பக்கத்துப் பெட்டியடியிலேயே கடன் வாங்கினார்கள். கடையை நடத்த ஊரிலிருந்து வரும் மேலாள் சம்பளச் சீட்டு எழுதி, பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்கு வந்தார். பர்மாவின் ரங்கூனில் நடப்பு வட்டியை மாதந்தோறும் கோயிலில் கூடி முடிவு செய்தார்கள். இத்தனை ஏற்பாடு இருந்ததால்தான் நம்பிக்கை நின்றது.

அந்த வலைக்கு வெளியே நின்றவர்களையும் எழுது. நெல் விலை சரிந்த பிறகு, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கைக்கு வந்த நிலம் 1930-இல் நூற்றுக்கு 6 என்பதிலிருந்து 1937-இல் 25 ஆனது. அந்த நிலத்தை இழந்தவர் பர்மிய உழவர். இங்கேயும் 1950-களில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது லயத்தில் இருந்த நம் மக்கள் வேலையையும் வீட்டையும் சேர்த்து இழந்தார்கள். அதற்கு மறுமொழியாகவே 1960-இல் அன்றைய ம.இ.கா. தலைவர் வீ.தி. சம்பந்தன் தோட்டத் தொழிலாளருக்காகத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். உழைப்பாளிகளே ஒரு நிறுவனமாகச் சேர்ந்தது உன் துறையில் இன்னும் ஆழமாக எழுதப்பட வேண்டிய கதை என்பது என் எண்ணம்.

காலத்தையும் மறக்காதே. 1981 செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச் சந்தையில் மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் கத்ரியைக் கைப்பற்றியது. 2007-இல் சைம் டார்பி, கத்ரி, ஹாரிசன்ஸின் வாரிசான கோல்டன் ஹோப் மூன்றும் ஒன்றாயின. 2024-இல் அந்த இணைப்பிலிருந்து வந்த தோட்ட நிறுவனம் எஸ்டி கத்ரி என்று பெயர் மாறியது. ஓர் ஆண்டின் படத்தை மட்டும் எடுத்தவருக்கு இது எதுவும் தெரியாது.

உன் களத்தை உன் ஊரிலேயே தொடங்கலாம். செம்பனைப் பழக்குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். அதனால் சிறுதோட்டக்காரர், லோரி, டீலர், ஆலை ஆகியோரிடையே இறுக்கமான பிணைப்பு உண்டாகிறது. டீலரை மாற்ற முடியுமா, முன்பணம் வாங்கியிருக்கிறாரா என்று சிறுதோட்டக்காரரிடம் கேள். மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்.எஸ்.எம்.-இல் கட்டணம் கட்டி வாங்கும் நிறுவனப் பதிவு இதைச் சொல்லாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். செட்டியார் கணக்கேடுகள் தமிழில், தமிழ் எண்ணிலும் பின்னக் குறியிலும் எழுதப்பட்டவை. உன் துறையில் அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலர். ஆங்கிலக் கட்டுரை எழுதும் அவசரத்தில் அதைத் தள்ளிப்போடாதே. இந்த ஆண்டே அந்த எண்களைக் கற்றுக்கொள்.

அன்புடன்,
உன் அண்ணன்