பிள்ளைகள் வெளியே விளையாடட்டும்!



வேலை முடிந்து வீடு வந்ததும் குளிக்க வேண்டும், சமைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையோ காலைச் சுற்றிச் சுற்றி வருகிறது. நாம் என்ன செய்கிறோம்? கைத்தொலைபேசியைக் கொடுத்து ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுகிறோம். "வெளியே போனா கறுத்துப் போயிடும், விழுந்து அடிபடும். வீட்லயே கிடக்கட்டும்" என்று பாட்டியும் சொல்வார். பாடுபட்டு வருகிறவர்களை இதற்காகக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் பிள்ளைக்கு என்ன நேர்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கண்ணுக்கு வரும் கேடு

கிட்டப்பார்வை என்றால் என்ன? கண்விழி அளவுக்கு மீறி நீளமாக வளர்ந்துவிடுவதால், தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவதுதான். பகல் வெளிச்சம் படும்போது கண்ணுக்குள் சுரக்கும் ஒரு பொருள், இந்த வளர்ச்சியை மட்டுப்படுத்துகிறது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். வீட்டு விளக்கு இதற்குப் போதாது. மர நிழலில்கூட வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு. ஆகவே, உச்சி வெயிலில் பிள்ளையை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை.

2008ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் வாழும் 6, 7 வயதுச் சீனப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். சிங்கப்பூரில் 100க்கு 29 பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 100க்கு 3 பேருக்குத்தான். இரண்டு இடத்திலும் ஒரே இனத்துப் பிள்ளைகள். சிட்னிப் பிள்ளைகள் புத்தகமும் அதிகமாகவே படித்தார்கள். பெரிய வித்தியாசம் ஒன்றுதான்: சிட்னியில் வாரத்துக்கு ஏறக்குறைய 14 மணி நேரம் வெளியே இருந்தார்கள், சிங்கப்பூரில் 3 மணி நேரம்தான்.

நம் வீட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை. அதைச் சொல்லவும் தெரியவில்லை. எழுத்தைத் தப்பாக எழுதுகிறான். "மக்குப் பையன்" என்று பெயர் வாங்கிப் பின்வரிசைக்குப் போகிறான். தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பைவிட்டால் வேறு சொத்து என்ன இருக்கிறது?

பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், தொலைக்காட்சிக்கு மிக அருகில் போய் உட்கார்ந்தால், தாமதிக்காமல் கிளினிக்கில் காட்டுங்கள். கண்ணாடி போடுவதில் வெட்கம் வேண்டாம்.

எவ்வளவு நேரம்?

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் கூறிய அளவு இது. 1 முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளெல்லாம் சேர்த்து 3 மணி நேரமாவது உடம்பை அசைத்து ஓடியாட வேண்டும். 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு அதில் 1 மணி நேரமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓட்டமும் குதியும் இருக்க வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் திரையே கூடாது. 2 முதல் 4 வயது வரை 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது.

கண்ணுக்காக, பகல் வெளிச்சத்தில் தினமும் 2 மணி நேரம் இருப்பது நல்லது. ஒரே மூச்சில் வேண்டாம். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று பிரித்துக்கொள்ளலாம். ஓடியாடிய பிள்ளைக்குப் பசி எடுக்கும், ராத்திரி நல்ல தூக்கமும் வரும். எலும்பும் தசையும் உறுதிப்படும். நாலு பிள்ளைகளோடு சண்டை போட்டுச் சமாதானமாகவும் பழகும்.

இதற்குக் காசு செலவில்லை. பாண்டி, கண்ணாமூச்சி, பம்பரம், கோலி, பால்மரக் கொட்டையை வைத்து ஆடும் ஆட்டம் எல்லாம் நாம் ஆடியவைதானே? அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

1. செருப்பு: கொக்கிப்புழுவின் குஞ்சு மண்ணிலிருந்து வெறுங்கால் தோல் வழியே உடம்புக்குள் புகுந்து, இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும். செருப்பில்லாமல் விடாதீர்கள். விளையாடி வந்ததும் சவுக்காரம் போட்டுக் கைகால் கழுவச் செய்யுங்கள்.

2. கொசு: டெங்கிக் கொசு காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான் அதிகமாகக் கடிக்கும். கைகாலை மூடும் மெல்லிய சட்டை போட்டு விடுங்கள். பழைய டயர், சிரட்டை, பால் எடுக்காத மங்கு ஆகியவற்றில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையாவது கொட்டிக் கவிழ்த்து வையுங்கள்.

3. மருந்து: புல்லுக்கு மருந்து அடித்த இடத்துக்குப் பிள்ளைகளை விடக்கூடாது. காலி மருந்து டின் விளையாட்டுச் சாமான் அல்ல. மருந்தடித்து வந்தவர்கள் குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும்.

4. புகைமூட்டம்: காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அன்று வீட்டுக்குள்ளேயே விளையாடட்டும்.

5. காவல்: லோரி போகும் பாதை, ஆழமான கால்வாய், ஆலைக் கழிவுநீர்க் குட்டை ஆகியவற்றின் பக்கம் பிள்ளைகள் போகக்கூடாது. லயத்துத் தாய்மார்கள் முறை வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை ஒருவர், செவ்வாய்க்கிழமை இன்னொருவர் என்று பார்த்துக்கொண்டால் மற்றவர்கள் நிம்மதியாகச் சமைக்கலாம். தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குப் போனவர்களுக்கும் இந்த ஏற்பாடு உதவும்.

தலைவர்களுக்கு ஒரு வார்த்தை

தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் கூரையையும் சுவரையும் பற்றி மட்டும் பேசவில்லை. தோட்டத்துக் குழந்தைக் காப்பகம், விளையாட்டு வசதி பற்றியும் பேசுகிறது. உங்கள் தோட்டத்துத் திடலில் புதர் மண்டிக் கிடக்கிறதா? காப்பகத்தைச் சுற்றி வேலி இருக்கிறதா? தோட்டக் கமிட்டி நேரில் பார்த்து, அடுத்த கூட்டத்தில் பேசி, நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்கட்டும். சம்பளத்துக்காக வாதாடும் நாம், நம் பிள்ளைகள் ஓடியாட ஒரு துண்டு நிலத்துக்காகவும் வாதாட வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். நாளை மாலை தொலைபேசியை அலமாரியில் வைத்துவிட்டு, பிள்ளையின் காலில் செருப்பை மாட்டி வாசலுக்கு அழைத்து வாருங்கள்.