கைப்பேசிக் கோபுரமும் அலைவரிசைச் சிக்கனமும்

பாகூர் ஏரிநீர் ஒரு வயலிற் பாய்ந்து தீர்ந்தபின் பிறிதொரு வயலுக்கு உதவாது. வானொலி அலைவரிசையின் இயல்போ வேறு. ஓரிடத்திற் பயன்படும் அலைவரிசையையே, போதிய தொலைவுக்கப்பால், அதே கணத்தில் மற்றொருவரும் பயன்படுத்தலாம். கைப்பேசி அமைப்பு முழுவதும் இவ்வுண்மையின்மேல் நிற்பதாகும்.

இதன் அவசியத்தை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஜி.எஸ்.எம். முறையில், 900 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்கு முதலில் வகுக்கப்பட்ட அலைவரிசை இணைகள் 124. காலப்பங்கீட்டினால் ஒவ்வொன்றும் 8 உரையாடல்களைத் தாங்கும். நாடெங்கும் எட்டுமாறு ஒரே பெருங்கோபுரத்தை நிறுவினால், ஒரு வேளையில் 992 உரையாடல்களோடு அதன் ஆற்றல் தீர்ந்துவிடும்.

இவ்விடர்க்கு 1947-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த டி. எச். ரிங் என்பார் ஒரு வழி கூறினார். நிலப்பரப்பைத் தேன்கூட்டின் அறைகளைப்போல அறுகோணங்களாகப் பகுத்து, அறைதோறும் வலிமை குறைந்த ஒரு நிலையத்தை அமைக்கவேண்டும் என்பதே அது. அலைவரிசைகளை 7 தொகுதிகளாக்கி, அடுத்தடுத்த 7 அறைகளுக்குத் தனித்தனியே அளித்தால், எட்டாம் அறை முதலாக அவையே மீண்டும் வரலாம். அறையின் ஆரம் 2 கிலோமீட்டராயின், ஒரே தொகுதியை ஆளும் இரு நிலையங்களுக்கிடையே 9 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தொலைவு அமையும். 70 அறைகள் வகுப்பின் உரையாடல்களும் பத்து மடங்காகும். இக்கருத்து 1979-இல் டோக்கியோவில் வணிகச் சேவையாக மலர்ந்தது. 1995 ஜூலை 31-இல் கல்கத்தாவிலிருந்து இந்தியாவின் முதற் கைப்பேசி அழைப்பு சென்றது.

இனி நம் பண்டசோழநல்லூரை நோக்குவோம். குன்றுகளற்ற இச்சமவெளியில் அலையைத் தடுப்பது யாதுமில்லை. ஆதலின் உயர்ந்த கோபுரத்தின் அலை தன் எல்லையைக் கடந்து, அதே அலைவரிசையைக் கையாளும் தொலைவிலுள்ள அறையிற் புகுந்து, அங்குள்ளோர் பேச்சைக் குலைக்கும். இதனைத் தவிர்க்கவே ஆன்டெனாவின் முகத்தைச் சில பாகை கீழ்நோக்கிச் சாய்ப்பர். ஒரு கோபுரத்தில் மும்முகமாக ஆன்டெனாக்கள் அமைந்திருத்தலும் இதுபற்றியே; ஒவ்வொரு முகமும் 120 பாகைப் பரப்பையே காக்கும்.

“கோபுரம் உயர உயர நன்று” என்று பலரும் எண்ணுவர். அது பாதி உண்மையே. மக்கள் சிலராயுள்ள இடத்தில் உயரம் துணைசெய்யும். பேசுவோர் பெருகிய இடத்திலோ அணிமையே வேண்டப்படும். புதுச்சேரி நகரில் அறைகள் குறுகியும் நாட்டுப்புறத்தில் அகன்றும் அமைதற்குக் காரணம் இதுவே. நான்காம் தலைமுறை முறையில் எல்லா அறைகளும் ஒரே அலைவரிசையை ஆளக்கூடுமாயினும், அறையின் விளிம்பில் நிற்போனுக்கு அண்டை நிலையத்தின் இடையூறு இன்றும் உண்டு. ஆகவே மாலைவேளையிற் பேச்சு தடைப்படும் ஊரார் வேண்டிப்பெறத்தக்கது, உரக்க முழங்கும் ஒரு கோபுரத்தையன்று. தன் எல்லையறிந்து மெல்லப் பேசும் மற்றுமொரு கோபுரத்தையே.