சங்கராபுரத்தில் கண்ணாடி போடப் போகிறவர்களுக்கு

சங்கராபுரம் பக்கம் ஒருவருக்குப் பார்வை மங்கினால் அவர் முன்னால் நாலைந்து வழிகள் இருக்கின்றன. சந்தையில் விற்கும் ரெடிமேட் கண்ணாடியை மூக்கில் மாட்டிப் பார்த்து வாங்கலாம். ‘கம்ப்யூட்டர் கண் பரிசோதனை’ என்று பலகை வைத்த கடைக்குள் நுழையலாம். இலவச முகாமுக்குக் காத்திருக்கலாம். அரசு மருத்துவமனைக்குப் போகலாம். இன்னும் தள்ளிப் புதுச்சேரி, சேலம் கண் மருத்துவமனைகளுக்கும் போகலாம். செல்போனில் பிரேம் தேர்ந்தெடுத்து வரவழைப்பவர்களும் உண்டு. எல்லோரும் இவற்றை விலையை வைத்தே ஒப்பிடுகிறார்கள். ஆனால் ஒரு கண்ணாடிக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன: கண்ணில் நோய் உண்டா என்று பார்ப்பது, பவர் கண்டுபிடிப்பது, அந்தப் பவரை முகத்துக்குப் பொருத்துவது. எந்த இடத்தில் எந்த வேலை நடக்கிறது, எது விட்டுப்போகிறது என்று பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். கையில் இருக்கும் காசு முதலில் அளவுக்குப் போகட்டும். பிரேமும் கோட்டிங்கும் அதற்கு அப்புறம்.

ரெடிமேட் கண்ணாடியை அடியோடு ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாற்பதைத் தாண்டினால் யாருக்கும் வெள்ளெழுத்து வரும். கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் சாமையில் கல் பொறுக்கும் பெண்ணுக்கும், 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தைச் செதுக்குகிறவருக்கும் கைக்கெட்டும் தூரம் தெளிவாகத் தெரிந்தால்தான் பிழைப்பு. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு, கிட்டத்துக் கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலையின் அளவு, பெறாதவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்ததைக் காட்டியது. இரண்டு கண்ணிலும் ஒரே பவர், சிலிண்டர் பவர் இல்லை, தூரப் பார்வையில் குறை இல்லை என்றால் படிக்கவும் தைக்கவும் சந்தைக் கண்ணாடி போதும். குழந்தைகளிடம்கூட, பெங்களூருப் பக்கத்துப் பள்ளிகளில் நடந்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில், ரெடிமேட் கண்ணாடி வாங்கியவர்களும் தனியாகச் செய்துகொண்டவர்களும் சில மாதங்களுக்குப் பின் ஏறக்குறைய ஒரே அளவில், நாலில் மூன்று பேர், அதை அணிந்திருந்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் குழந்தைகளுக்கு முதலில் முறையாகப் பவர் பார்த்து, யாருக்கு ரெடிமேட் பொருந்தும் என்று பிரித்த பிறகுதான் கண்ணாடி கொடுத்தார்கள். மலிவாக முடிந்தது கண்ணாடி மட்டுமே. அளவெடுப்பில் யாரும் சிக்கனம் பிடிக்கவில்லை.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு மையம் உண்டு. அது கருவிழியின் நடுவுக்கு நேராக நிற்க வேண்டும். பெரியவர்களின் இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம் 54 முதல் 74 மில்லிமீட்டர் வரை ஆளுக்கு ஆள் மாறும். மையம் விலகினால் லென்ஸ் பட்டகம்போல ஒளியை ஒரு பக்கமாகத் திருப்பும், அதைச் சரிக்கட்ட கண் தசைகள் நாள் முழுக்க இழுத்துப் பிடிக்கும். பவர் 1 என்றால் 5 மில்லிமீட்டர் விலகல் பெரிதாகத் தெரியாது. பவர் 5 என்றால் அதே விலகலின் பாதிப்பு ஐந்து மடங்கு. சாயங்காலமானால் நெற்றிப்பொட்டில் வலிக்கிறது என்று பவரை மாற்றிக்கொண்டே போகிறவர்களில் சிலருக்குப் பவர் சரியாகத்தான் இருக்கும், பொருத்தம்தான் தப்பியிருக்கும். நல்ல கடைக்காரர் உங்கள் கண்மட்டத்துக்குத் தானும் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மில்லிமீட்டர் ஸ்கேலையோ கருவியையோ வைத்து அந்தத் தூரத்தை அளந்து சீட்டில் எழுதுவார். பைஃபோகல் என்றால் நீங்கள் தேர்ந்தெடுத்த பிரேமை மாட்டிவிட்டு, கீழிமை விளிம்புக்கு நேராக லென்ஸில் பேனாவால் கோடு போடுவார். புரோகிரசிவ் என்றால் கண்மணிக்கு நேரே புள்ளி வைப்பார். புள்ளி வைக்காமல் புரோகிரசிவுக்கு ஆர்டர் எடுக்கும் கடையில் அந்த விலையைக் கொடுக்காதீர்கள். ஆன்லைனிலும் இதே குறைதான்: குறைந்த, எளிய பவருக்கு அது ஒத்துவரலாம், கூடுதல் பவருக்கும் புரோகிரசிவுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கம்ப்யூட்டர் பரிசோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோவாயை வைத்துப் பலூன் படத்தைப் பார்க்கச் சொல்லும் அந்தக் கருவி தருவது தொடக்கக் கணக்கு. அதற்குமேல் சோதனை பிரேமில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு ‘இதுவா, அதுவா’ என்று கேட்டால்தான் வேலை முடியும். பிள்ளைகள் கருவியைப் பார்க்கும்போது கண் தானாகவே கிட்டத்தில் குவிந்துவிடுவதால் மைனஸ் பவர் கூடுதலாகக் காட்டும். அவர்களுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்க்க மருத்துவர் வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் அப்படித்தான். சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் மாறும். அது நிலைக்கும் முன் போட்ட கண்ணாடி அடுத்த மாதமே உதவாமல் போகலாம். விழித்திரைப் பாதிப்பும் கண் நீர் அழுத்த நோயும் வலி தெரியாமல் வளருபவை, கடைக் கருவியில் இவை பிடிபடாது. ஆகவே நாற்பதைத் தாண்டியவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் பிள்ளைகளும் முதல் பரிசோதனையை மருத்துவமனையில் வைத்துக்கொள்ள வேண்டும். பவர் சீட்டும் கண்மணித் தூரமும் கையில் இருந்தால் கண்ணாடியை ஊர்க் கடையிலேயே செய்துகொள்ளலாம். கடை பக்கத்தில் இருப்பதும் நல்லதுதான், காம்பு தளர்ந்தால் மறுபடி போய்வர வசதி.

மலையிலிருந்து இறங்கி மருத்துவமனைக்குப் போனால் ஒருநாள் கூலி போகிறதே என்பது நியாயமான கேள்வி. கள்ளக்குறிச்சிக்கு 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகும் கல்வராயன் மலைக்காரருக்குப் பயணம் பயணம்தான். அதற்காகவே அந்த ஒருநாளை வீணாக்காத இடமாகப் பார்க்கச் சொல்கிறேன். முகாம்கள் பெரும்பாலும் கண்புரை தேடுபவை, பவருக்கு அவற்றை மட்டும் நம்பியிருக்க முடியாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு 2009-இல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டம் இருக்கிறது, பள்ளியில் விசாரிப்பதற்குச் செலவில்லை. கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்று தள்ளிப்போடும் பெற்றோருக்கு மலேசியாவில் 2002-இல் வெளியான ஆய்வு பதில் சொல்கிறது: வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் கிட்டப்பார்வை வேகமாக ஏறியது.

நீல ஒளிக் கோட்டிங்குக்குக் கூடுதல் காசு கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 17 சோதனைகளைத் தொகுத்த 2023-ஆம் ஆண்டு காக்ரேன் அறிக்கை, சாதாரண லென்ஸைவிட அது கண் களைப்பைக் குறைப்பதாகக் காணவில்லை. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைகிறது, கண் உலர்ந்து எரிகிறது. அதற்கு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் பார்ப்பதும் நினைவாக இமைப்பதும் உதவும். மிச்சமாகும் காசைப் பிள்ளைகளின் கண்ணாடிக்கு எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸாக மாற்றுங்கள். கண்ணாடியை வாங்கிய அன்று கடையை விட்டு இறங்குவதற்கு முன் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக மூடிப் படித்துப் பாருங்கள், நிலைப்படி நேராகத் தெரிகிறதா என்று பாருங்கள், நாலடி நடந்து பாருங்கள். புதுப் பவர் பழக ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகலாம். அதற்குப் பிறகும் தரை சரிந்தே தெரிந்தால் சீட்டோடு திரும்பிப் போய், பவரைப் பார்ப்பதற்கு முன் மையத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள்.